ஈ.ஈ.ஜியா, எஃப்.எம்.ஆர்.ஐயா, தலையில் கட்டும் ஒளிப்பட்டியா: திருகோணமலையில் இருந்து மூளையை ஆராய எது சரிவரும்?

ஸ்கான் படத்தில் மூளையின் ஒரு மூலை சிவப்பாகத் தெரியும், "இந்த இடம்தான் இப்போது வேலை செய்கிறது" என்று கீழே எழுதியிருப்பார்கள். நரம்புக்கலங்கள் துடித்ததை நேராக அளந்து போட்ட நிறம் இல்லை அது. அந்த இடத்து இரத்தத்தில் ஒட்சிசன் எவ்வளவு மாறியது என்று அளந்து, அதன்மேல் ஒன்றன்பின் ஒன்றாகக் கணக்குகளைப் போட்டு, கடைசியில் கணனி பூசிய நிறம். எந்தக் கருவி நல்லது என்று பேசத் தொடங்குமுன் இதைச் சொல்லிவிட வேண்டும். தலைக்கு வெளியே நின்றுகொண்டு நரம்புக்கலத்தை நேராகப் பார்க்கிற கருவி எதுவும் இல்லை. ஒவ்வொன்றும் அந்தக் கலங்கள் விட்டுப்போகிற ஒவ்வொரு விதமான தடயத்தைப் பிடிக்கிறது, நம்முடைய கேள்விக்கு எந்தத் தடயம் பதில் சொல்லும் என்று பார்த்துத்தான் கருவியை எடுக்க வேண்டும்.

கோணேசபுரி வளாகத்தில் மொழி படிக்கும் தங்கச்சி ஒருத்தியும் அவளோடு சேர்ந்து ஆய்வு செய்ய நினைக்கும் கணனித் தம்பி ஒருவனும் என்னிடம் கேட்டது ஒரே கேள்விதான்: "அண்ணா, எந்த மெசினுக்குப் போறது?" அவர்களுடைய ஆய்வுக் கேள்வி உண்மையிலேயே அருமையானது. எங்கள் ஊரில் தமிழும் சிங்களமும் வாசிக்கத் தெரிந்தவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், ஒரே ஆள் இந்த இரண்டு எழுத்தையும் வாசிக்கும்போது மூளைக்குள் நடப்பது ஒன்றுதானா? திருகோணமலையில் இருந்து கேட்க வேண்டிய கேள்வி இது. அவர்கள் முன்னால் நான்கு வழிகள் இருந்தன. மூளையின் மின் அலையைத் தலைத்தோலில் இருந்து பதியும் சின்ன ஈ.ஈ.ஜி கருவி ஒன்றை வாங்கித் தாங்களே பதிவது, ஒளியால் இரத்தத்தை அளக்கும் எஃப்.என்.ஐ.ஆர்.எஸ் பட்டியை எங்கிருந்தாவது இரவல் வாங்குவது, ஆஸ்பத்திரி எம்.ஆர்.ஐ ஸ்கானரில் நேரம் கேட்டு, மூளை வேலை செய்யும்போதே காந்தத்தால் படம் பிடிக்கும் எஃப்.எம்.ஆர்.ஐ எடுப்பது, அல்லது உலகத்தில் யாரோ ஏற்கனவே எடுத்துத் திறந்து வைத்திருக்கும் எஃப்.எம்.ஆர்.ஐ தரவை இறக்கி ஆராய்வது. நான் அவர்களுக்குச் சொன்னதைக் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன்.

முதலில் தடயம் எப்படி உண்டாகிறது என்று பார்ப்போம். மனித மூளையில் ஏறத்தாழ 8600 கோடி நரம்புக்கலங்கள் இருக்கின்றன. உடல் நிறையில் மூளை 2 வீதம்தான், ஆனால் உடம்பு செலவழிக்கும் சக்தியில் கிட்டத்தட்ட 20 வீதம் அதற்குப் போகிறது. ஒரு கலத்துக்கு இன்னொரு கலத்திடம் இருந்து செய்தி வந்து சேரும் இடத்தில், அதாவது சினாப்ஸ் என்ற நரம்பிணைப்பில், அயன்கள் உள்ளும் வெளியும் பாய்கின்றன. இப்படி வருகிற செய்திகள் போதுமான அளவு சேர்ந்தால் அந்தக் கலம் ஒரு துடிப்பை அனுப்பும், அது ஏறக்குறைய ஒரு மில்லிசெக்கனில் முடிந்துவிடும். பாய்ந்த அயன்களைத் திரும்பப் பழைய இடத்துக்குத் தள்ளுவதற்குத்தான் பெரும்பாலான சக்தி செலவாகிறது, அந்தப் பகுதிக்கு இரத்தமும் கூடுதலாக வருகிறது. ஆக இரண்டு வகைத் தடயம். ஒன்று மின்தடயம், உடனே கிடைக்கும். மற்றது இரத்தத் தடயம், சில செக்கன்கள் பிந்தித்தான் வரும். ஈ.ஈ.ஜி முதல் வகை. எஃப்.எம்.ஆர்.ஐயும் எஃப்.என்.ஐ.ஆர்.எஸ்ஸும் இரண்டாவது வகை.

இரத்தத் தடயத்தைப் பற்றி நிறையப் பேசவேண்டும், தவறான விளக்கங்கள் அதிகம் உலாவுவது இங்கேதான். மூளையின் ஒரு பகுதி வேலை செய்தால் அந்த இடத்து இரத்த ஓட்டம் மாறும் என்பதை ரோயும் ஷெரிங்டனும் 1890 இலேயே எழுதிவிட்டார்கள். 1936 இல் லைனஸ் போலிங்கும் சார்ள்ஸ் கோரியெலும் ஈமோகுளோபினின் காந்த இயல்பைக் கண்டறிந்தார்கள்: ஒட்சிசனை ஏந்திய ஈமோகுளோபினைக் காந்தம் இழுப்பதில்லை, ஒட்சிசனை இழந்தது இழுபடும். இந்த இரண்டையும் சேர்த்துப் பயன்படுத்தியவர் செய்ஜி ஒகாவா. ஒட்சிசன் இழந்த ஈமோகுளோபின் தன்னைச் சுற்றியுள்ள காந்தப்புலத்தைக் குழப்பி எம்.ஆர்.ஐ சமிக்ஞையைக் குறைக்கிறது என்று 1990 இல் எலிகளில் காட்டினார், 1992 இல் மனிதர்களில் முதல் படங்கள் வந்தன. போல்ட் சமிக்ஞை என்று சொல்வது இதைத்தான்.

இதில் பலர் கவனிக்காமல் விடுகிற ஒரு விஷயம் இருக்கிறது. வேலை செய்கிற இடத்தில் ஒட்சிசன் செலவாகும், அப்படியானால் ஒட்சிசன் இழந்த ஈமோகுளோபின் கூடி, சமிக்ஞை குறையவேண்டும் அல்லவா? நடப்பது அதற்கு நேர்மாறு. ஃபொக்ஸும் ரெய்க்கிலும் 1986 இல், கதிரியக்க மருந்தை ஏற்றி அளக்கும் பெட் ஸ்கான் மூலம் பார்த்தபோது, தூண்டப்பட்ட பகுதியில் இரத்த ஓட்டம் 29 வீதம் கூடியிருந்தது, ஒட்சிசன் பயன்பாடோ 5 வீதம்தான் கூடியிருந்தது. செலவைவிட வரவு பல மடங்கு. ஒட்சிசன் மிஞ்சுகிறது, ஒட்சிசன் இழந்த ஈமோகுளோபின் அடித்துச் செல்லப்படுகிறது, சமிக்ஞை உயர்கிறது. கந்தளாய்க் குளத்து நீரை ஒரு வயலுக்கென்று திறந்தால் வாய்க்கால் வழியே பக்கத்து வரம்பெல்லாம் நனைகிறதைப் போலத்தான், கேட்ட இடத்துக்கு மட்டும் அளந்து ஊற்றுகிற ஏற்பாடு மூளையில் இல்லை. அதனால் எஃப்.எம்.ஆர்.ஐ சிவப்பு நமக்குக் காட்டுவது மிச்சம் விழுந்த ஒட்சிசனை. அதிலும் பெரிய இரத்த நாளங்களில் வடிந்துபோகும் இரத்தம் சமிக்ஞையைச் சில மில்லிமீற்றர் தள்ளிக் காட்டுவதும் உண்டு.

சரி, யார் அந்த மதகைத் திறப்பது? "கலத்துக்குப் பசி, அதனால் இரத்தம் வருகிறது" என்று சொல்வது வழக்கம். ஆனால் பெரும்பாலும் சக்தி தீர்ந்தபிறகு வருகிற அழைப்பு இல்லை அது. செய்தி கடத்தும் குளுட்டமேற் வெளிவந்தவுடனேயே நைத்திரிக் ஒட்சைட்டு போன்ற பொருட்கள் உண்டாகி, நரம்புக்கலங்களும் அஸ்ட்ரோசைட் என்ற துணைக்கலங்களும் சேர்ந்து நாளங்களை விரியச் செய்கின்றன. நரம்பிணைப்புகளில் எவ்வளவு செய்தி வந்து கொட்டுகிறது என்பதைப் பொறுத்துத்தான் இரத்தம் போகிறது, அந்தக் கலம் கடைசியில் துடித்ததா இல்லையா என்பது வேறு கதை. இதை நன்றாகக் காட்டியது நிக்கோஸ் லோகோதெட்டிஸின் குழு. 2001 இல் ஜெர்மனியின் டூபிங்கன் நகரில், குரங்கின் பார்வைப் புறணியில், அதாவது பார்வையைக் கவனிக்கும் மூளை மேற்படையில், மின்வாய் இறக்கி, அதே நேரத்தில் எஃப்.எம்.ஆர்.ஐயும் எடுத்தார்கள். தொழில்நுட்ப ரீதியாக அது சாதாரண வேலை இல்லை, பலமான காந்தத்துக்குள் மைக்ரோவோல்ற்று அளவிலான மின்னைப் பிரித்தெடுக்க வேண்டும். தனித்தனித் துடிப்புகளைவிட, சுற்றுவட்டாரக் கலங்களுக்கு வந்து சேரும் உள்ளீட்டின் கூட்டு அலைதான் போல்ட் சமிக்ஞையோடு சற்றுக் கூடுதலாகப் பொருந்தியது. சில இடங்களில் துடிப்புகள் சில செக்கன்களில் அடங்கிப் பழைய நிலைக்கு வந்துவிட்டன, ஆனால் கூட்டு அலையும் இரத்தச் சமிக்ஞையும் தூண்டல் முடியும்வரை நீடித்தன.

அதன் பிறகு வந்த முடிவுகள் ஒரே பக்கம் சாயவில்லை. வலிப்பு நோய்க்காக மூளைக்குள் மின்வாய் பொருத்தப்பட்ட நோயாளிகளின் செவிப் புறணியில் துடிப்புகளை அளந்து, வேறு ஆட்களிடம் எடுத்த எஃப்.எம்.ஆர்.ஐயோடு 2005 இல் ஒப்பிட்டபோது இரண்டும் மிக நன்றாக ஒத்துப்போயின. ஞாபகத்துக்குரிய ஹிப்போகாம்பஸ் பகுதியில் அந்த ஒற்றுமை அவ்வளவு இல்லை. 2009 இல் சிரோட்டினும் தாசும் குரங்குகளை இருட்டறையில் வைத்து, ஒழுங்கான இடைவெளியில் வேலை கொடுத்தார்கள். பார்ப்பதற்கு ஒன்றுமே இல்லாதபோதும் அடுத்த முறை வரப்போகிறது என்ற எதிர்பார்ப்பிலேயே பார்வைப் புறணிக்கு இரத்தம் வந்தது, அந்த இரத்த ஓட்டத்தை அங்கிருந்த கலங்களின் மின்னால் விளக்க முடியவில்லை. ஆக, பெரும்பாலும் இரண்டும் சேர்ந்து போகும், ஆனால் சேர்ந்துதான் போகும் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுக்க முடியாது.

இன்னும் இரண்டு எல்லைகள் உண்டு. லோகோதெட்டிஸ் 2008 இல் போட்ட கணக்குப்படி, வழக்கமான எஃப்.எம்.ஆர்.ஐ படத்தின் 55 கனமில்லிமீற்றர் கொண்ட ஒரு கட்டத்துக்குள் 55 இலட்சம் நரம்புக்கலங்கள் இருக்கின்றன. அந்தக் கட்டம் சிவந்தால் அவற்றில் எது வேலை செய்தது, எது மற்றதை அடக்கியது என்று படம் சொல்லாது. அடக்குகிற வேலைக்கும் சக்தி வேண்டும், இரத்தம் வேண்டும். அடுத்தது நேரம். தூண்டல் தொடங்கி ஓரிரண்டு செக்கன் கழித்துத்தான் சமிக்ஞை எழும்பும், 5 அல்லது 6 செக்கனில் உச்சிக்கு வரும், பிறகு கீழிறங்கி அடித்தளத்துக்கும் கீழே போய்த் திரும்ப 15, 20 செக்கனுக்கு மேலாகும். ஒரு சொல்லை வாசித்து விளங்கிக்கொள்ள அரைச் செக்கன் போதும்.

இவையெல்லாவற்றையும்விட எங்களைப் போன்றவர்களுக்கு முக்கியமானது, இந்த இரத்த ஏற்பாடு ஆளுக்கு ஆள் மாறும் என்பது. வயது போனால் மாறும், நாளங்களில் நோய் இருந்தால் மாறும், சில மருந்துகளால் மாறும். தேத்தண்ணியும் கோப்பியும்கூட மாற்றும், கஃபீன் மூளை நாளங்களைச் சுருக்கி இரத்த ஓட்டத்தைக் குறைக்கிறது. ஆகவே முதியவர்களையும் இளையவர்களையும் ஸ்கான் பண்ணி, "முதியவர்களின் மூளை குறைவாக வேலை செய்கிறது" என்று எழுதினால், குறைந்தது நரம்புக்கலத்தின் வேலையா நாளத்தின் நெகிழ்ச்சியா என்று கேட்கிறவருக்குப் பதில் சொல்ல முடியாது. ஒரே ஆளை, ஒரே இருப்பில், இரண்டு நிலைமைகளில் ஒப்பிட்டால் இந்தச் சிக்கலில் பெரும்பகுதி தானாகக் கழிந்துபோகும். தமிழ் வாசிப்பு எதிர் சிங்கள வாசிப்பு என்ற தங்கச்சியின் கேள்வி இந்த வகையில் நல்ல அமைப்பு உள்ளது, இரண்டும் ஒரே தலைக்குள் நடக்கிறது.

இப்போது மின்தடயம். ஹான்ஸ் பேகர் 1924 இல் மனிதத் தலையில் இருந்து முதல் ஈ.ஈ.ஜியைப் பதிந்து 1929 இல் வெளியிட்டார். நூறு வருடங்களுக்குப் பிறகும் அடிப்படை மாறவில்லை, தலைத்தோலில் மின்வாயை ஒட்டிப் பத்து முதல் நூறு மைக்ரோவோல்ற்று அளவிலான அலையைப் பெருக்கிப் பார்ப்பதுதான். மில்லிசெக்கன் துல்லியம் கிடைக்கும், இரத்தம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. ஆனால் ஈ.ஈ.ஜி துடிப்புகளைக் காட்டுகிறது என்று நினைத்தால் அதுவும் பிழை. துடிப்பு ஒரு மில்லிசெக்கனில் முடிந்துவிடுகிறது, கலத்துக்குக் கலம் வேறு வேறு நேரத்தில் வருகிறது, அதனால் ஒன்றோடொன்று சேர்ந்து தலைக்கு வெளியே எட்டாது. வெளியே எட்டுவது, புறணியில் ஒரே திசையில் நிமிர்ந்து வரிசையாக நிற்கும் பிரமிட் வடிவக் கலங்களின் நரம்பிணைப்பு மின்னோட்டம். ஆயிரக்கணக்கில் இல்லை, இலட்சக்கணக்கில் ஒரே நேரத்தில் சேர்ந்தால்தான் அது தெரியும். எல்லாப் பக்கமும் கிளை விரித்த கலங்களின் மின்னோட்டம் ஒன்றையொன்று அழித்துவிடும். ஆகவே அலை சின்னதாக இருந்தால் வேலை நடக்கவில்லை என்று அர்த்தமில்லை, கலங்கள் ஒத்திசையாமல் தனித்தனியே மும்முரமாக இருக்கலாம். கண்ணை மூடினால் பின்தலையில் 8 முதல் 13 ஹேர்ட்ஸ் வரையான ஆல்பா அலை பெரிதாக எழும், கண்ணைத் திறந்து பார்க்கத் தொடங்கினால் அது அடங்கும். பார்வைப் புறணிக்கு வேலை கூடும்போதுதான் அலை குறைகிறது. ஈ.ஈ.ஜியையும் எஃப்.எம்.ஆர்.ஐயையும் ஒன்றாக எடுத்தவர்கள், ஆல்பா உயரும்போது பின்தலையில் போல்ட் குறைவதைக் கண்டார்கள்.

ஈ.ஈ.ஜியின் பெரிய குறை இடம். மண்டையோடு மின்னைப் பரப்பிக் கலக்கிவிடுகிறது. வெளியே அளந்த மின்னில் இருந்து உள்ளே எங்கே கிளம்பியது என்று ஒரே விடையாகச் சொல்ல முடியாது என்பதை ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1853 இலேயே காட்டிவிட்டார், ஒரே வெளித்தோற்றத்தை எண்ணற்ற உள் அமைப்புகள் தரலாம். 64, 128 மின்வாய் வைத்து, அந்த ஆளின் எம்.ஆர்.ஐயையும் சேர்த்துக் கணிப்பவர்களிடம் நியாயம் இருக்கிறது. எட்டு மின்வாயை ஒட்டிவிட்டு மென்பொருள் வரைந்து தருகிற மூளைப் படத்தை அறிக்கையில் போடுவது கூடாது. தம்பிக்கு இதைக் கண்டிப்பாகவே சொன்னேன்.

ஒளிப்பட்டி, அதாவது எஃப்.என்.ஐ.ஆர்.எஸ்: 1977 இல் ஃபிரான்ஸ் ஜொப்சிஸ் காட்டிய வழி. செந்நிறக்கீழ் எல்லைக்கு அண்மையான ஒளியைத் தலைக்குள் அனுப்பி, 3 சென்ரிமீற்றர் தள்ளி வெளியே வருகிறதைப் பிடித்து, ஒட்சிசன் உள்ள, இல்லாத ஈமோகுளோபின் இரண்டையும் கணக்கிடுகிறார்கள். காந்தம் தேவையில்லை, சத்தமில்லை, பிள்ளை கொஞ்சம் அசைந்தாலும் பரவாயில்லை. ஆனால் இரத்தத் தடயத்தின் குறை அத்தனையும் இதற்கும் உண்டு. அதோடு தலைக்குள் ஒன்றரை சென்ரிமீற்றர் அளவுதான் எட்டும், தலைத்தோலில் ஓடும் இரத்தமும் சமிக்ஞையில் கலந்து வரும். எங்கள் ஆட்களின் அடர்ந்த கறுப்பு முடியும் கருமையான தோலும் ஒளியை உறிஞ்சிவிடுவதை இந்தக் கருவிகளைப் பெரும்பாலும் பயன்படுத்துகிற நாடுகளில் அதிகம் யோசித்திருக்கவில்லை, இப்போதுதான் பேசத் தொடங்கியிருக்கிறார்கள். நெற்றியில் வைத்தால் முடிப் பிரச்சினை இல்லை, மனக்கணக்குச் செய்யும்போது நெற்றிப் புறணி எப்படி மாறுகிறது என்று பார்க்க நல்ல கருவிதான். ஆனால் எழுத்தை அடையாளம் காணும் பகுதி இடது பக்கத்தில் மூளையின் அடிப்புறத்தில் இருக்கிறது, அங்கே இந்த ஒளி சரியாகப் போய்ச் சேராது. வாசிப்பு ஆய்வுக்கு நான் இதைப் பரிந்துரைக்கவில்லை.

பெட் ஸ்கானும், மூளை மின்னோட்டத்தின் காந்தப்புலத்தை அளக்கும் எம்.ஈ.ஜியும் இந்தத் தேர்வில் இல்லை. பெட்டுக்குக் கதிரியக்க மருந்தை ஏற்ற வேண்டும், குளுக்கோசைப் பின்தொடரும் மருந்தின் அரைவாழ்வு 110 நிமிடம், இரத்த ஓட்டத்தை அளக்கும் ஒட்சிசன்-15 இன் அரைவாழ்வு வெறும் 2 நிமிடம், மருந்து செய்யும் இயந்திரம் பக்கத்திலேயே இருக்கவேண்டும். மாணவர் ஆய்வுக்காக ஆரோக்கியமான ஒருவருக்குக் கதிரியக்கம் ஏற்றுவதை நான் ஒருநாளும் ஏற்கமாட்டேன். எம்.ஈ.ஜி அழகான கருவி, ஆனால் பூமியின் காந்தப்புலத்தைவிடப் பல கோடி மடங்கு சிறிய புலத்தைப் பிடிக்கக் காந்தம் புகாத அறை கட்டவேண்டும்.

ஆஸ்பத்திரி ஸ்கானர் வழியைப் பற்றி ஒளிக்காமல் சொல்கிறேன். அந்த மெசின் நோயாளிகளுக்கு உரியது. பக்கவாதம் வந்தவர், கட்டி இருக்கிறதா என்று பார்க்கவேண்டிய தாய், விபத்தில் அடிபட்ட பிள்ளை காத்திருக்கிற வரிசைக்கு நடுவே மாணவர் ஆய்வுக்கு மணிக்கணக்கில் நேரம் கேட்பது சரியில்லை. கிடைத்தாலும், வைத்தியத்துக்காக வைத்த 1.5 டெஸ்லா மெசினில் வாசிக்கச் சொற்களைக் காட்டும் திரை, நேரத்தை ஒத்திசைக்கும் ஏற்பாடு, செக்கனுக்குச் செக்கன் படம் எடுக்கும் அமைப்பு, அதை இயக்கத் தெரிந்த ஆள், எல்லாம் தனியே வேண்டும். போல்ட் மாற்றமோ ஒரு வீதம், இரண்டு வீதம்தான் இருக்கும், தலை ஒரு மில்லிமீற்றர் அசைந்தால் அது மூழ்கிவிடும். பத்துப் பேரை ஸ்கான் பண்ணி ஒன்றும் நிச்சயமாகச் சொல்ல முடியாமல் போகிற வாய்ப்புத்தான் அதிகம். இந்த வழியை நான் முழுதாக நிராகரிக்கிறேன்.

திறந்த தரவு அப்படியில்லை. ஓப்பன்நியூரோ தளத்தில் எஃப்.எம்.ஆர்.ஐ, ஈ.ஈ.ஜி தொகுப்புகள் இலவசமாகக் கிடைக்கின்றன. ஹியூமன் கனெக்டோம் திட்டத்தில் ஏறக்குறைய 1200 இளையவர்களின் தரவு இருக்கிறது. எஃப்.எஸ்.எல், ஏ.எஃப்.என்.ஐ போன்ற மென்பொருட்களுக்கும் மாணவர்கள் காசு கொடுக்கத் தேவையில்லை. கணனித் தம்பிக்கு இது கிடைத்தற்கரிய வாய்ப்பு, நிலாவெளி வீதியில் ஒரு மேசையும் லாப்டொப்பும் இருந்தால் உலகத்தின் நல்ல ஸ்கானர்கள் எடுத்த படத்தில் கைவைக்கலாம். தரவு கிகாபைற் கணக்கில் இருக்கும் என்பதால், முழுவதையும் இறக்காமல் தேவையான சிலரை மட்டும் எடுத்துத் தொடங்கவேண்டும். குறை என்னவென்றால் அந்தத் தரவில் தமிழும் சிங்களமும் வாசித்தவர் கிடைப்பது அரிது, கேள்வியைத் தரவுக்கு ஏற்ப மாற்ற வேண்டிவரும், தங்கச்சியின் கேள்வி அங்கே அப்படியே பதில் பெறாது.

படம் இலவசமாகக் கிடைத்தாலும் விளக்கம் இலவசமாகக் கிடைக்காது என்பதையும் தம்பி மனதில் வைக்கவேண்டும். 2009 இல் செத்த சல்மன் மீன் ஒன்றை ஸ்கானரில் வைத்து, மனிதர்களின் படங்களைக் காட்டி, வழக்கமான கணக்கைப் போட்டார்கள். மீனின் மூளையில் சிவப்புப் புள்ளி வந்தது. ஆயிரக்கணக்கான கட்டங்களில் தனித்தனியே சோதித்தால் தற்செயலாகச் சில இடம் சிவக்கத்தான் செய்யும், அதைத் திருத்தாமல் விட்டால் இப்படித்தான். 2016 இல் எக்லண்டும் கூட்டாளிகளும், பரவலாகப் பயன்படுத்திய சில கணக்குமுறைகளில் பொய்யான முடிவு 70 வீதம் வரை போகலாம் என்று காட்டினார்கள். 2020 இல் ஒரே தரவை 70 குழுக்களிடம் கொடுத்து, ஒரே ஒன்பது கருதுகோள்களைச் சோதிக்கச் சொன்னார்கள், எந்த இரண்டு குழுவும் ஒரே வழியில் கணக்குப் போடவில்லை, பல கருதுகோள்களில் முடிவும் ஒத்துப்போகவில்லை. ஆராய்ச்சியை விடச் சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை, எந்தக் கணக்கைப் போடப்போகிறேன் என்று தரவைத் திறக்குமுன்பே எழுதி வைக்கவேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன். அதோடு, ஓர் இடம் சிவந்ததைப் பார்த்து "அப்படியானால் இவர் பயப்படுகிறார்" என்று பின்னோக்கிச் சொல்வது செல்லாது. ஒரே இடம் பயத்துக்கும் சிவக்கும், புதுமைக்கும் சிவக்கும், மற்ற எத்தனையோ நிலைகளுக்கும் சிவக்கும்.

ஆக என் முடிவு இது. தங்கச்சியின் கேள்விக்கு ஈ.ஈ.ஜி, தம்பிக்குத் திறந்த தரவு. இரண்டையும் ஒரே அறிக்கையில் கலக்கவேண்டாம். வாசிப்பில் எப்போது என்ன நடக்கிறது என்று கேட்டால் ஈ.ஈ.ஜி நேராகப் பதில் சொல்லும், எந்த இடத்தில் என்று கேட்டால் சொல்லாது. தங்கச்சியின் கேள்வியை "எங்கே" என்பதில் இருந்து "எப்போது" என்பதற்குத் திருப்பினால் இங்கிருந்தபடியே நல்ல பதில் கிடைக்கும். ஒரு உதாரணம் சொன்னேன்: "மீனவர் கடலில் வலையை வீசினார்" என்று வாசிக்கும் மூளையும் "மீனவர் கடலில் வலையைக் குடித்தார்" என்று வாசிக்கும் மூளையும் கடைசிச் சொல் வந்து ஏறக்குறைய 400 மில்லிசெக்கனில் வேறு வேறாகப் பதில் தரும். மார்த்தா குட்டாசும் ஸ்டீவன் ஹில்யார்டும் 1980 இல் கண்டுபிடித்த அலை அது. தமிழிலும் சிங்களத்திலும் வினை கடைசியில்தான் வரும், ஆகவே பொருந்தாத சொல் இரண்டு மொழியிலும் ஒரே இடத்தில் வந்து விழும். ஒப்பிட இதைவிடச் சுத்தமான அமைப்பை யாரும் உண்டாக்கிக் கொடுக்க வேண்டியதில்லை, இரண்டு மொழியும் கையில் கொடுத்திருக்கின்றன. சொல்லின் நீளத்தையும் பழக்கத்தையும் மட்டும் இரண்டு பக்கமும் சமப்படுத்திக்கொள்ள வேண்டும். தமிழ் வினை விகுதிகளோடு நீண்டுவிடும், நீண்ட சொல்லை வாசிக்க நேரம் எடுக்கும், அந்தத் தாமதத்தை மொழி வேறுபாடு என்று நினைத்துவிடக் கூடாது.

கருவிக்கு ஓப்பன்பி.சி.ஐ நிறுவனத்தின் சைற்றன் போர்ட் போதும், எட்டு மின்வாய், செக்கனுக்கு 250 அளவீடு. அந்த அலை சில மைக்ரோவோல்ற்றுத்தான், பின்னணி அலை அதைவிடப் பெரிது, அதனால் ஒரே வகை வாக்கியத்தைப் பலமுறை கொடுத்துச் சராசரி எடுக்கவேண்டும். 36 வாக்கியம் கொடுத்தால் பின்னணி ஆறில் ஒன்றாகக் குறையும். மின்வாய்களில் பெரும்பகுதியைத் தலையின் நடு உச்சியிலும் அதற்குப் பின்னாலும் வைத்தால் சரி, இந்த அலை அங்கேதான் நன்றாகத் தெரியும்.

எங்கள் ஊருக்கென்று சில விஷயங்கள் உண்டு. வருகிறவர்கள் தலைக்கு எண்ணெய் வைக்காமல், முதல்நாள் ஷாம்பு போட்டு முழுகி வரவேண்டும், எண்ணெய்த் தலையில் மின்வாய் ஒட்டாது. கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் மத்தியானம் பதிவு வைக்கவேண்டாம், வியர்வை மின்வாயின் கீழ் ஊறி அலையை மெதுவாக மேலும் கீழும் இழுத்துக்கொண்டே இருக்கும், காலையில் வைப்பது நல்லது. எங்கள் மின்சாரம் 50 ஹேர்ட்ஸ், மின்விசிறியும் சார்ஜரும் அந்த அலையைப் பதிவுக்குள் கொண்டுவந்து விடும், லாப்டொப்பை பற்றரியில் ஓடவிட்டு, பக்கத்து பிளக்குகளைக் கழற்றிவிட வேண்டும். கண் சிமிட்டினால் வருகிற அலை மூளை அலையைவிடப் பல மடங்கு பெரிது, ஆகவே வாக்கியங்களுக்கு இடையே சிமிட்ட நேரம் கொடுங்கள். முதலில் வளாகத்தில் படிக்கும் பெரியவர்களோடு செய்யுங்கள், நெறிமுறைக் குழுவின் அனுமதி கையில் வந்த பிறகு. பாடசாலைப் பிள்ளைகளிடம் போவது அதற்கடுத்த கட்டம், அதற்குப் பெற்றோரின் எழுத்து மூலச் சம்மதமும் அதிபரின் அனுமதியும் வேண்டும்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. இந்தச் சின்னக் கருவியில் வரும் அலையைப் பார்த்து ஒரு பிள்ளைக்கு வலிப்பு இருக்கிறதா, கணக்கு வருமா, வைத்தியராக வருமா என்று யாரும் சொல்ல முடியாது. "மூளை அலையில் பிள்ளையின் திறமையைக் கண்டு சொல்கிறோம்" என்று காசு கேட்கிறவர்களிடம் போகவே வேண்டாம். வலிப்புச் சந்தேகம் இருந்தால் நரம்பியல் வைத்தியரிடம்தான் போகவேண்டும். அங்கே எடுக்கிற ஈ.ஈ.ஜி ஒருமுறை சாதாரணமாக வந்தாலும் வலிப்பு இல்லை என்று ஆகிவிடாது, அரை மணி நேரப் பதிவில் அகப்படாமல் போகலாம், நோயின் விபரத்தோடு சேர்த்துத்தான் வைத்தியர் முடிவு சொல்வார்.

கருவி வந்தவுடன் வாக்கியங்களை எடுக்காமல் முதலில் ஒரு சோதனை செய்யுங்கள். ஒருவரை அமைதியாக இருக்கவைத்து, ஒரு நிமிடம் கண் திறந்து, ஒரு நிமிடம் கண் மூடிப் பதியுங்கள். மூடியபோது பின்தலை மின்வாய்களில் ஆல்பா எழவேண்டும். சிலருக்கு இயல்பாகவே ஆல்பா மெலிவாக இருக்கும், ஆகவே மூன்று நான்கு பேரிடம் பாருங்கள். ஒருவரிடமும் எழவில்லையென்றால் மின்வாயையும் தரை இணைப்பையும் திரும்பப் பாருங்கள், எழும்வரை ஒரு வாக்கியமும் காட்டவேண்டாம்.